சீர் மியூசிக் யாருடையது

செந்துறைப் பக்கம் காதுகுத்துக்குப் போனவர்கள் நான் போட்ட மியூசிக்கைக் கேட்டிருப்பார்கள். தாய்மாமன் சீர் தெருமுனைக்கு வந்து நிற்கும். தாம்பாளத் தட்டுகள் தலைக்கு ஏறும். முதல் சரவெடி வெடித்து முடிந்ததும் ஆலைச் சங்கு போல ஒரு நீண்ட சத்தம் வரும், அதன் முதுகிலேயே தாள அடி விழும். அதுவரை விறைப்பாக நடந்துகொண்டிருந்த மாமன்மார்கள்கூடத் துண்டை எடுத்துச் சுழற்ற ஆரம்பித்துவிடுவார்கள். அது என்னுடையது. பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டே செய்தேன். எனக்குத் தலைக்கனம் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். இதற்குக்கூடத் தலைக்கனம் இல்லையென்றால் வேறு எதற்குத்தான் வைத்துக்கொள்வது?

அப்பா ரேடியோ செட் வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் பாக்ஸ், மைக், சீரியல் பல்பு அவருடையதுதான். எங்கள் குடும்பத்தில் அவருக்கு முன்னால் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். அதனால் அப்பாவுக்கு அந்த பாக்ஸ்கள் மேல் ஒரு மரியாதை. மழை தூறினால் முதலில் அவற்றுக்குத்தான் தார்ப்பாய், அப்புறம்தான் எங்களுக்குக் குடை. அம்மா அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் கேண்டீனில் வேலை பார்க்கிறார். என் பள்ளிக்கூடமும் அரியலூரில்தான். காலையில் அம்மாவும் நானும் ஒரே பஸ்ஸில் போவோம். ஒரு காதில் நான் செய்துகொண்டிருக்கும் பீட், மடியில் கெமிஸ்ட்ரி புத்தகம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பக்கம் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவார்.

லேப்டாப் பெரியப்பா மகளுடையது. அரசாங்கம் கொடுத்தது. அக்கா காலேஜ் முடித்ததும் எனக்கு வந்தது. இரண்டு பட்டன்கள் இருக்காது, சார்ஜரைப் பிடுங்கினால் உயிர் போய்விடும். அதில் இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை இறக்கி, செல்போனில் பதிவு செய்த சத்தங்களை வெட்டி ஒட்டித்தான் கற்றுக்கொண்டேன். வாத்தியம் வாங்க வசதியில்லாததால் கையில் கிடைத்த சத்தமெல்லாம் வாத்தியம். ஷிஃப்ட் மாறும்போது ஊதுகிற சங்கு, சுண்ணாம்புக்கல் லாரி வளைவில் அடிக்கிற ஹாரன், அம்மாவுக்காகக் காத்திருந்த சாயங்காலங்களில் கேண்டீன் உள்ளேயிருந்து கேட்ட சத்தங்கள். சினிமாப் பாட்டிலிருந்து ஒரு துளிகூட எடுக்கவில்லை. அது ஒரு வைராக்கியம்.

அப்பாவுக்குக் கேட்கக் கொடுத்தேன். முழுவதும் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லவில்லை. அடுத்த முகூர்த்தத்தில் சீர் வரும்போது போட்டுவிட்டார். எனக்கு அதுவே பட்டம் வாங்கினது மாதிரி இருந்தது.

இங்கே ரேடியோ செட்காரர்களின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே விசேஷத்துக்கு இரண்டு செட் வந்தால், வேலை முடிந்து டீ குடிக்கும்போது பென் டிரைவை மாற்றிக்கொள்வார்கள். உன்னிடம் புதிதாக என்ன இருக்கிறது, என்னிடம் இது இருக்கிறது, அவ்வளவுதான். யார் போட்டது என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் ஏதோ கணக்குப் பார்க்கிற ஆள் என்று நினைப்பார்கள். அப்படியே என் மியூசிக் அப்பாவின் பென் டிரைவிலிருந்து ஆண்டிமடத்துக்குப் போனது, அங்கிருந்து ஜெயங்கொண்டம், தா.பழூர். அதற்கு 'சீர் மியூசிக்' என்று அவர்களே பெயரும் வைத்துவிட்டார்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தி தன் மாமா ஊர்த் திருவிழா வீடியோவைக் காட்டி, இது எங்கள் ஊர் மியூசிக் என்று என்னிடமே பெருமை பேசினாள். நான் சொல்லாமல் விடுவேனா? அன்று மதியம் முழுவதும் சொன்னேன்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் என் பெயரில் ஒரு சேனல் தொடங்கி, அதை முறையாக வீடியோவாக இணையத்தில் ஏற்றினேன். மறுநாளே அறிவிப்பு வந்தது. இந்த இசை வேறொருவருக்கு உரியது, ஆகவே உங்கள் வீடியோ நிறுத்தப்படுகிறது என்று. பெரம்பலூரில் விசேஷ வீடியோக்களை எடிட் செய்கிற ஒருவர் எனக்குச் சில வாரங்கள் முந்தி, தன் ஸ்டுடியோ பெயரில் அதைப் பதிந்து வைத்திருந்தார். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, முந்தி வந்தவர் முதலாளி, பிந்தி வந்தவள் திருடி என்று முடிவு செய்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. உடனே செல்போனிலேயே ஒரு மறுப்பு எழுதி அனுப்பினேன். நான்தான் செய்தேன், நான்தான் செய்தேன் என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. பல வாரங்கள் கழித்துத் தள்ளுபடி ஆனது. மேல்முறையீடு ஒரே ஒரு முறைதான், அதற்கும் கெடு உண்டு. அது தோற்றால் என் சேனல் போய்விடும், இணையத்தில் மியூசிக் அவருடையதாகவே நின்றுவிடும். கெடு எப்போது முடிகிறது என்று பார்த்தால், பொதுத் தேர்வில் கெமிஸ்ட்ரிக்கும் கணக்குக்கும் நடுவே. இதற்கிடையில் அரையாண்டில் பிசிக்ஸ் மார்க் சறுக்கியிருந்தது. அம்மா ஒன்றும் திட்டவில்லை. லேப்டாப்பை எடுத்துப் பட்டுச்சேலைகளுக்கு அடியில் வைத்து பீரோவைப் பூட்டிவிட்டார்.

அப்பா சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ரேடியோ செட் உரிமையாளர்களின் வாட்ஸ்அப் குரூப்பில், என் மகள் போட்ட சீர் மியூசிக்கை எவனோ தன்னுடையது என்கிறான், நீங்கள்தான் நியாயம் கேட்க வேண்டும் என்று பேசிப் போட்டுவிட்டார். அவர்களும் நியாயம் கேட்டார்கள். எப்படி? ஆளுக்கு ஆள் அந்த மியூசிக்கைத் தங்கள் தங்கள் சேனலில் ஏற்றினார்கள். தங்கள் செட்டின் படம், தங்கள் பெயர், தங்கள் செல் நம்பரோடு. உலகத்துக்கே கேட்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். காலையில் நான் பார்க்கும்போது ஒரு திருடன் இருந்த இடத்தில் ஏழெட்டு முதலாளிகள் நின்றார்கள். அத்தனை பேருக்கும் உடனே அறிவிப்பு பறந்தது. அவர்களுடைய பழைய விசேஷ வீடியோக்கள் எல்லாம் ஊமையாகிப் போயின. ஆண்டிமடத்தில் செட் வைத்திருக்கும் மாமா அப்பாவுக்குப் போன் செய்து, உம் மவளுக்கு ஒத்தாசை பண்ணப்போயி எஞ் சேனலுக்கு வாயடைச்சுப் போச்சேப்பா என்றார்.

அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. பிறகு உட்கார்ந்து எழுதினேன்.

தமிழ்ப் பரீட்சைக்குக் கட்டுரை எழுதுகிற தமிழில் இல்லை, அவர்களுக்குப் புரிகிற மாதிரி. பாட்டை வைத்திருப்பது வேறு, பாட்டுக்கு உரியவராக இருப்பது வேறு. பாக்ஸை வாடகைக்கு எடுத்தவர் பாக்ஸுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவாரா? அதே மாதிரிதான். ஒன்றை உருவாக்கிய நிமிடமே அதன் உரிமை உருவாக்கியவருக்கு வந்துவிடுகிறது, எந்த ஆபீஸிலும் போய்ப் பதிய வேண்டியதில்லை. ஆனால் சண்டை என்று வந்தால், முதலில் செய்தது யார் என்று காட்ட வேண்டும். ஆகவே மாமாக்களே, தயவுசெய்து உங்கள் பெயரில் ஏற்றியதை இறக்குங்கள். இப்படி எழுதி அப்பாவின் போனிலிருந்து அனுப்பினேன். காப்புரிமை பற்றி நான் எழுதிய முதல் கட்டுரை அதுதான். அச்சில் வராத அந்தக் கட்டுரை ஒரே நாளில் சுற்றி, கும்பகோணத்துப் பக்கத்து குரூப் ஒன்றிலிருந்து எங்கள் குரூப்புக்கே திரும்பி வந்தது.

எல்லோரும் இறக்கினார்கள். ஆண்டிமடத்து மாமா மட்டும் ஏற்றியது எது என்றே தெரியாமல் விழித்தார். நான் தேடிப் பார்த்தேன். அவர் தனி மியூசிக்கை ஏற்றவில்லை, தன் செட் ஓடிய ஒரு காதுகுத்து வீடியோவையே ஏற்றியிருந்தார். சேனலில் அது ஊமை, அவர் போனிலிருந்த மூலத்தை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். சீர் வருகிறது, என் மியூசிக் ஒலிக்கிறது, பின்னால் பிள்ளையின் தாய்மாமன்கள் வரிசையாகக் கூலிங்கிளாஸ் போட்டு நிற்கிற பெரிய ஃபிளெக்ஸ். அதன் அடியில் கொட்டை எழுத்தில் விசேஷத் தேதி. பெரம்பலூர்க்காரர் பதிவு செய்த நாளுக்கு நெடுநாள் முந்தைய தேதி.

எங்கள் பக்கம் ஃபிளெக்ஸ் இல்லாத விசேஷம் கிடையாது, தேதி இல்லாத ஃபிளெக்ஸ் கிடையாது. அதுவரை அந்த ஃபிளெக்ஸ்களைக் கிண்டல் செய்தே காலம் தள்ளியிருக்கிறேன். அன்று அந்த மாமன்மார்கள் காலில் விழலாம் போல இருந்தது. அவர் ஏற்றியதை இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குரூப்பில் இன்னொன்று எழுதினேன்: பழைய விசேஷ வீடியோ, ஃபிளெக்ஸ் தெரிகிற மாதிரி, சீர் மியூசிக் கேட்கிற மாதிரி இருந்தால் அனுப்புங்கள். வந்து குவிந்தன.

ஆனால் பெரம்பலூர்க்காரரின் பதிவுக்கு முன்பே அது ஒலித்தது என்பதைத்தான் அவை காட்டும், நான் செய்தேன் என்பதைக் காட்டாது. அதற்கு லேப்டாப் வேண்டும். கெமிஸ்ட்ரி எழுதிவிட்டு வந்த மதியம் அம்மாவிடம் கேட்டேன். கணக்கு முடியட்டும் என்றார். கணக்கு முடிந்தால் கெடுவும் முடிந்துவிடும் என்றேன். மியூசிக் போனால் போகட்டும், வருஷம் போனால் வராது என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"படிக்காம எதையாவது செஞ்சிருக்கனாம்மா? ரெண்டையுந்தான செஞ்சேன். ஒண்ண மட்டும் ஏன் எடுத்துக்கிறீங்க?"

அம்மா எழுந்தார். சாவியை எடுத்து பீரோவைத் திறந்தார். ஆனால் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டார், எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க.

நான் மியூசிக்கைத் திறந்து அடுக்கடுக்காகப் பிரித்து, திரையோடு பதிவு செய்தேன். பெரம்பலூர்க்காரரிடம் இருப்பது முழுதாகக் குழைத்த சோறு. அரிசி வேறு, பருப்பு வேறு என்று எடுத்துக் காட்ட என்னால் மட்டும்தான் முடியும். சங்கு மட்டும் ஒலித்தது. ஹாரன் மட்டும் ஒலித்தது. அடுத்து, எல்லோரையும் ஆட வைக்கிற அந்த அடி, எந்தச் சேர்மானமும் இல்லாமல், நான் பதிவு செய்தபடியே. டக், டட்டக், டக்.

அம்மா நிமிர்ந்தார். "ஏய், இது நம்ம கேண்டீன் தோசக்கல்லுல்ல?"

ஆமாம் என்றேன். தோசையைப் புரட்டி எடுத்ததும் கரண்டியைக் கல்லின் ஓரத்தில் தட்டுவது அம்மாவின் பழக்கம். கேண்டீன் ஜன்னலுக்கு வெளியே நின்று அதைத்தான் பதிவு செய்தேன்.

"இத வச்சா ஊரே ஆடுது?"

இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்து லேப்டாப் பக்கத்தில் வைத்துவிட்டு, சீக்கிரம் முடித்துவிட்டுக் கணக்கை எடு என்றார். மேல்முறையீட்டை எழுதினேன். இந்த முறை கோபத்தை ஒதுக்கிவைத்து, ஃபிளெக்ஸ் தெரிகிற வீடியோக்களையும் பிரித்துக் காட்டிய அடுக்குகளையும் சேர்த்து அனுப்பினேன். கணக்குப் பரீட்சையும் நன்றாகவே எழுதினேன். இரண்டில் எதுவும் இன்னொன்றைத் தின்னவில்லை என்பதை இன்றும் அம்மாவுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவேன்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. பெரம்பலூர்க்காரரும் தன் பதிவை விலக்கிக்கொண்டார். அப்பாவுக்குப் போன் செய்து, அது யாருடையது என்று தெரியவில்லை அண்ணே, பென் டிரைவில் வந்தது, ஆள் இல்லாத சரக்கு என்று நினைத்துவிட்டேன் என்றாராம். நேரில் போய்ச் சட்டையைப் பிடிப்பதாக இருந்த அப்பா, அதைக் கேட்டதும் சரி விடுங்கள் என்று சொல்லிவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த வார்த்தைதான் உண்மை. பெயர் சொல்லாமல் கைமாறுகிற எதுவும் ஆள் இல்லாத சரக்குதான்.

அதனால் குரூப்பில் மூன்றாவதாக ஒன்று எழுதினேன். சீர் மியூசிக்கை யார் வேண்டுமானாலும் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாம், பணம் வேண்டாம், எத்தனை விசேஷத்தில் வேண்டுமானாலும் போடலாம். ஒரே ஒரு நிபந்தனை. போடும் முன் மைக்கில், இதைச் செய்தது யார் என்று சொல்ல வேண்டும். அதற்கு எல்லோரும் கட்டைவிரலை உயர்த்திய படம் அனுப்பினார்கள்.

இப்போது பெரம்பலூரில் காலேஜில் படிக்கிறேன். புதிதாக மியூசிக் செய்கிறேன், காப்புரிமை பற்றித் தமிழில் எழுதுகிறேன். ஃபிளெக்ஸ் கடைக்காரர், கல்யாண போட்டோகிராபர், ரீல்ஸ் போடுகிற பிள்ளைகள் என்று படிக்க ஆள் இருக்கிறது. சந்தேகம் கேட்டு எழுதுகிறார்கள். பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காகவே நானும் சட்டத்தைத் தேடிப் படிக்கிறேன்.

போன வைகாசியில் தா.பழூரில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குக் குடும்பத்தோடு போனோம். செட் எங்களுடையது அல்ல. மைக்கில் இருந்தவரை நான் முன்பின் பார்த்ததில்லை. நானும் அம்மாவும் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது சீர் தெருமுனைக்கு வந்தது. அவர் மைக்கைத் தட்டிவிட்டு, அடுத்து வரும் சீர் மியூசிக்கை வழங்கியவர் என்று ஆரம்பித்து, என் அப்பாவின் பெயரைச் சொல்லி, அவர்களின் புதல்வி என்று முடித்தார். அப்பா கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு மைக்செட் மேஜைக்குப் போனேன்.

புதல்விக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள் என்றேன். அவர் சிரித்தார்.

"அப்பா பேரச் சொன்னாத்தானம்மா ஊருக்குத் தெரியும்?"

"மியூசிக்க அப்பா போடலைங்களே. நாந்தான போட்டேன்."

அவர் அப்பா நின்ற பக்கம் பார்த்தார். அப்பா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு, என்னிடம் கொடுக்கும்படி அவருக்குக் கையைக் காட்டினார். மைக் என் கைக்கு வந்தது. வெடிச்சத்தம் ஓயும்வரை காத்திருந்து, என் பெயரைச் சொன்னேன். அப்பா பெயரையோ ஊர்ப் பெயரையோ சேர்க்காமல், என் பெயரை மட்டும். பந்தியில் இருந்தவர்கள் தலையைத் தூக்கி யார் இது என்று பார்த்தார்கள்.

"இப்பப் போடுங்கண்ணே" என்றேன்.