ஊரார் சோளமும் என் சைக்கிளும்

நான் தொடங்கி முடித்தது என்று எங்கள் வீட்டில் எதுவும் கிடையாது. நடக்கும் மெஷின் வாங்கினேன். இப்போது அதன்மேல் துண்டு காய்கிறது. இந்தி வகுப்பில் சேர்ந்தேன், எழுத்துகளைத் தாண்டவில்லை. மாடித்தோட்டம் போட்டேன், தொட்டிகள் நன்றாக இருக்கின்றன. இந்த லட்சணத்தில், ஐம்பதைத் தாண்டிய பிறகு, கியர் வைத்த சைக்கிளில் தனியாக மூன்று நாள் சுற்றிவிட்டு வரப்போகிறேன் என்று ஒருநாள் சாப்பிடும்போது அறிவித்தேன். என் மனைவி ரசம் ஊற்றிக்கொண்டே, "பஸ்ல சைக்கிள ஏத்துவாங்களான்னு முன்னாடியே விசாரிச்சு வச்சுக்குங்க" என்றாள்.

கிளம்பியே தீர வேண்டும் என்று முடிவு செய்தது அந்த ரசத்தில்தான். பெரம்பலூரில் ஆரம்பித்து லப்பைக்குடிக்காடு, அங்கிருந்து செந்துறை, பிறகு அரியலூர் வழியாகத் திரும்ப வீடு. வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் பெரிய தூரமில்லை. வெளிநாட்டுக்காரர்கள் நாட்டையே சுற்றுகிறார்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: வாசலில் கிளம்பிய சைக்கிள் முழுக்க மிதித்தே வாசலுக்கு வந்து சேர வேண்டும். வாழ்க்கையில் ஒன்றையாவது முழுதாக முடித்தேன் என்று இருக்க வேண்டும்.

இதற்கென்றே உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்த கால்சட்டை ஒன்றை ஆன்லைனில் வாங்கியிருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு எங்கள் தெருவில் நடமாட எனக்குத் துணிச்சலில்லை. மேலே வேட்டியைக் கட்டிக்கொண்டு ஏறினேன். தெருமுனையில் திரும்பும்போது, மனைவி என்னைப் பார்த்து அசந்து நிற்கிறாளா என்று பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். தூக்கக் கலக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் வயதான ஆள் ஒருவன் சும்மா சைக்கிளில் போவது என்று ஒன்று கிடையாது. அதற்குக் காரணம் இருந்தாக வேண்டும். "வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டார்கள். "வூட்டுல கோவிச்சுக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார்கள். மொபெட்டில் வந்த ஒருவர் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, "என் தோளப் புடிச்சுக்குங்க சார், இழுத்துட்டுப் போறேன்" என்றார். வேண்டாம், உடம்புக்காகப் போகிறேன் என்றேன். "ஒடம்புக்கு என்னங்க?" என்று கவலையாகக் கேட்டுவிட்டு, வெகுதூரம் என் கூடவே மெதுவாக வந்தார். தனிமைப் பயணத்தின் முதல் நாள் இப்படித்தான் கழிந்தது.

லப்பைக்குடிக்காட்டில் என்னோடு படித்தவன் ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். அன்று இரவு அவன் வீட்டில்தான் தங்கல். நெய்ச்சோறும் கறியும் எதிரே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். "சவூதி வெயிலு தாங்காமத்தான் நான் ஊரு வந்து சேந்தேன். நீ லீவு போட்டுட்டு வெயில்ல அலையுற. அல்லா உனக்கு நல்ல புத்தியக் குடுக்கட்டும்" என்றான். பதில் சொல்ல வாய் காலியாக இல்லை. அவ்வளவு சாப்பிட்டுவிட்டு மறுநாள் சைக்கிள் மிதிக்கக் கூடாது என்பதை மறுநாள் தெரிந்துகொண்டேன்.

செந்துறை போய்ச் சேர்ந்தபோது என் வலது முழங்கால் மடக்கினால் நீளவில்லை, நீட்டினால் மடங்கவில்லை. எதிர்க்காற்று வேறு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். அரியலூர் பஸ் கிளம்ப நின்றிருந்தது. கூட்டமில்லை, பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்ன கண்டக்டர், தானே ஒரு கை பிடித்துச் சைக்கிளை ஏற்றியும் விட்டார். மனைவிக்கும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். அரியலூரில் பஸ் மாறி, பெரம்பலூருக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கிவிடுவது. சட்டையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு மூச்சு வாங்க வீடு போய்ச் சேர்வது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் முழங்கால் வெட்கத்தைவிட அதிகமாக வலித்தது.

டீக்கடை நடத்திய அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கிளாஸை நீட்டிக்கொண்டே, "சைக்கிள எடுத்துக்கிட்டு எங்கங்க இம்புட்டு தூரம்?" என்றார். இரண்டு நாளாக இதே கேள்விக்குப் பதில் சொல்லிச் சலித்திருந்தேன். கோயில் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யாரும் நோண்ட மாட்டார்கள். அரியலூருக்குப் பக்கத்தில், என் வழியில் இருந்த கோயில்தான் ஞாபகத்துக்கு வந்தது. "கல்லங்குறிச்சிக்குங்க. பெருமாளுக்கு ஒரு வேண்டுதல்" என்று சொல்லிவிட்டேன்.

"சைக்கிள்லயே வரேன்னு வேண்டிக்கிட்டீங்களா?"

"ஆமாங்க."

"அப்புறம் எப்படிங்க பஸ்ல ஏறுவீங்க? சாமி குத்தம் ஆயிடாது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கண்டக்டரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். கண்டக்டர் தானே சைக்கிளை இறக்கி என் கையில் கொடுத்தார். "மொதல்லயே சொல்ல வேணாமா சார்? நான் வேற அந்தப் பாவத்துல மாட்டிக்கிறதா?" என்றார். விசில் அடித்தார். பஸ் போய்விட்டது.

விஷயம் அதோடு நிற்கவில்லை. இந்தப் பக்கத்தில் வெள்ளாமை எடுத்தால் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு ஒரு பங்கு கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அப்படி எடுத்து வைத்த மக்காச்சோளம் அந்த அம்மாவிடம் இருந்தது. "கடைய வுட்டுட்டுப் போவ முடியல. நீங்கதான் வேண்டுதல்ல போறீங்களே" என்று மூட்டையைத் தூக்கிவந்து பின்னால் வைத்தார். அடுத்த கடைக்காரர் கொஞ்சம் முந்திரி கொண்டுவந்தார். யாரோ கடலை கொண்டுவந்தார்கள். கடைசியாக ஒரு பெண் சின்னத் துணியில் உளுந்து முடிந்து கொண்டுவந்தார். "எம் மவளுக்கு ஏழாவது மாசங்க. நல்லபடியா பொறக்கணும்னு சொல்லிட்டுக் கொட்டுங்க" என்று இரண்டு கையாலும் நீட்டினார். சொல்கிறேன் என்றேன். அதை வாங்கியபோது எனக்குப் பயமாக இருந்தது. பொய் சொன்னது நான். இனி அதைப் பாதியில் விட எனக்கு உரிமையில்லை.

அன்றிரவு டீக்கடைக்காரர்களே தங்கள் வீட்டில் படுக்கச் சொன்னார்கள். அந்த அம்மாவின் கணவர் எண்ணெய் காய்ச்சி என் முழங்காலில் தேய்த்துவிட்டார். வீடு முழுக்க மீன் குழம்பு மணந்தது. எனக்கு மட்டும் தயிர்சோறு வந்தது. வேண்டுதல்காரன் இல்லையா. முதல் நாள் லப்பைக்குடிக்காட்டுக் கறியை நினைத்துக்கொண்டு, பக்தியோடு தயிர்சோறு தின்றேன்.

மறுநாள் காலையில் கிளம்பினேன். இப்போது என் சைக்கிளைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை. மூட்டையோடு போனால் காரணம் தெரிந்துவிடுகிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் உரசிக்கொண்டு போயின. மேடு வந்தால் இறங்கித் தள்ளினேன். ஒரு மேட்டில் சோள மூட்டையை மட்டும் அவிழ்த்து வேலியோரம் வைத்துவிட்டால் என்ன என்று நின்று யோசித்தேன். வெட்கக்கேடு, ஆனால் யோசித்தேன். பிறகு உளுந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மறுபடி ஏறினேன்.

கல்லங்குறிச்சியில் எல்லாவற்றையும் கொட்டினேன். கம்பத்தையே பெருமாளாகக் கும்பிடும் கோயில் அது. அதன் முன்னால் நின்று, ஏழாவது மாதக்காரிக்கு நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று சொன்னேன். கேட்காமல் போய்விடுமோ என்று இரண்டு முறை சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒருவர், "எல்லாம் உங்க காட்டு வெளச்சலுங்களா?" என்றார். எதுவும் என்னுடையது இல்லை என்றேன். எனக்கென்று கேட்க ஒன்றும் தோன்றவில்லை. எதிர்க்காற்று மட்டும் கொஞ்சம் குறைந்தால் தேவலை என்று கேட்டுவைத்தேன். குறையவில்லை.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரை எத்தனையோ பஸ்கள் என்னைத் தாண்டிப் போயின. ஒன்றுக்கும் கை காட்டவில்லை. வீட்டு வாசலில் இறங்கியபோது வேட்டி, பஞ்சுக் கால்சட்டை, மானம் எல்லாம் புழுதியாக இருந்தது. மனைவி சைக்கிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பஸ்லயா?"

"முழுக்க சைக்கிள்."

நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். செந்துறை பஸ்ஸில் ஏற்றியதைக்கூட மறைக்கவில்லை. சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கோயில்ல நம்ம சார்பா என்ன போட்டீங்க?"

"நம்ம சார்பா ஒண்ணும் போடலையே."

"நீங்க தெருமுனை திரும்பறப்பவே வேண்டிக்கிட்டேன்" என்றாள். "இந்த ஒண்ணையாவது முழுசா முடிச்சுட்டு நல்லபடியா வந்துட்டா, உங்கள சைக்கிள்லயே கல்லங்குறிச்சிக்கு அனுப்பி ஒரு மூட்டை சோளம் போடச் சொல்றேன்னு."

"பஸ்ல ஏத்துவாங்களான்னு விசாரிக்கச் சொன்னவ நீதானே?"

"அது உங்ககிட்ட சொன்னது. பெருமாள்கிட்ட வேற சொன்னேன்."

நான் முடிக்க வேண்டும் என்று என்னைவிட அதிகமாக ஆசைப்பட்ட ஆள் ஒருத்தி இத்தனை வருடமும் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள். இருந்தாலும் முழங்கால் என்று ஒன்று இருக்கிறதே. "அதான் கோயிலுக்குப் போயிட்டு வந்துட்டேனே" என்றேன்.

"அது ஊரார் சோளம். நம்ம சோளத்துக்கு வர்ற சனிக்கிழமை போயிட்டு வாங்க."

சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த காலிச் சோளப் பையைக் கழற்றி, அடியில் ஒட்டியிருந்த சோளத்தைத் தட்டிவிட்டு, துவைத்துக்கொண்டு வந்தாள். நடக்கும் மெஷின்மேல் கிடந்த துண்டைத் தள்ளிவிட்டு அந்தப் பையைக் காயப்போட்டாள். சனிக்கிழமைக்குள் காய்ந்துவிடும் என்றாள்.