காய்ந்த லேனில் ஒரு சிவப்புப் பந்து

மூதூர் ஜெமீலின் கணக்கில் உலகத்தில் இரண்டே வகை மனிதர். லேனைப் பார்த்துப் பந்து உருட்டுகிறவர்கள், பந்தைப் பார்த்துப் பந்து உருட்டுகிறவர்கள். இரண்டாம் வகையை அவர் மனிதராகவே மதிப்பதில்லை. உப்புவெளியில் அவர் வேலை செய்த ஹோட்டலுக்கு வந்தவர்கள் முழுப்பேரும் இரண்டாம் வகைதான்.

டோஹாவில் பன்னிரண்டு வருடம் ஒரு பௌலிங் மண்டபத்தில் நின்று பழகிய தொழில் அவருடையது. லேன் என்கிற அறுபதடிப் பலகைப் பாதையில் முதல் நாற்பதடிக்கு ஒயில் பூசவேண்டும், மிச்சத்தைக் காய விடவேண்டும். பந்து ஒயிலில் வழுக்கிப் போய், காய்ந்த இடத்தில் பிடிபட்டு வளைந்து, கோடியில் நிற்கும் பத்துக் கட்டைகளையும் சாய்க்கும். இவ்வளவுதான் சங்கதி. இதைக்கூட விளங்கிக்கொள்ள அந்த ஹோட்டலில் ஒரு மண்டை இல்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த அன்றே, அவர் பூசிய ஒயிலை அழுக்கென்று நினைத்த துப்புரவுக்காரர்கள் மூன்று லேனையும் சவர்க்காரத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்திருந்தார்கள். மனேஜர் கீர்த்தனி அவர்களைப் பாராட்டிக்கொண்டு நின்றாள். ஜெமீல் முழங்காலிட்டு மறுபடி முதலிலிருந்து பூசினார்.

"எல்லாரையும் இப்பிடி எளக்காரமாப் பாக்காதீங்க, வேல போயிரும்" என்று மனைவி சனூஸா சொல்லிப் பார்த்தாள்.

"நான் இல்லாம அவங்களுக்கு ஏலாது புள்ள" என்பார்.

உள்ளுக்குள் பயம் இருந்தது. ஐம்பத்துமூன்று வயதில் இனி எந்த ஏஜென்சியும் அவரை டோஹாவுக்கு அனுப்பாது. இந்தக் கரையில் வேறு பௌலிங் மண்டபமும் இல்லை. இந்த மூன்று லேனும் போனால் அவர் படித்த வித்தையை ஒருவரும் சீண்டமாட்டார்கள்.

அப்படியிருக்கத்தான் முதலாளியின் மருமகன் இராகுலன் கொழும்பிலிருந்து ஒரு நீலப் பந்தோடும் கமெராவோடும் வந்து இறங்கினான். வெளிநாட்டுப் பந்து. அதை மூன்று விதமான லேனில் உருட்டிப் பரிசோதித்து வீடியோ போடப்போகிறானாம்.

"முதலாளி சேரும் இந்த வீடியோவைப் பாப்பார், ஜெமீல் நானா. இந்த லேன்களை என்ன செய்யிறதெண்டு அதைப் பாத்துத்தான் முடிவெடுப்பாராம்" என்றாள் கீர்த்தனி.

ஜெமீல் முதல் லேனுக்கு நிறைய ஒயில் பூசினார். இரண்டாவதைப் பாதி தேய்ந்தபடி விட்டார். மூன்றாவதை இராகுலன் கேட்டபடியே முழுதாகத் துடைத்துக் காயவிட்டார். காய்ந்த லேனில் அந்தப் பந்து என்ன கூத்துக் காட்டும் என்று அவருக்கு முன்னரே தெரியும். சொல்லவில்லை. கேட்டால் அல்லவா சொல்வதற்கு.

முதல் லேனில் நீலப் பந்து அழகாக வளைந்து ஒன்பது கட்டைகளைச் சாய்த்தது. "பந்து தங்கம்!" என்று இராகுலன் கமெராவைப் பார்த்துக் கூவினான். இரண்டாவதில் கொஞ்சம் முந்தி வளைந்து ஆறு. மூன்றாவதில் பாதி வழியிலேயே பிடிபட்டு, நேரே லேனின் ஓரத்தில் வாய்க்கால்போல ஓடும் கானுக்குள் விழுந்தது. ஐந்து தரம் உருட்டினான். ஐந்து தரமும் கான்தான்.

"லேன் பழுது. நானா என்னவோ பிழையாச் செய்து வைச்சிருக்கிறார்" என்று கமெராவுக்கே சொன்னான்.

அதற்குமேல் ஜெமீலால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, இது ஒயிலுக்கெண்டு செஞ்ச பந்து. காஞ்ச பலகையில அது இப்பிடித்தான் கடிச்சுப் பிடிக்கும். லேன்ல ஒரு பழுதும் இல்ல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனுசன் நிறுத்தவில்லை. சின்னப் பிள்ளைகள் உருட்டி மேலெல்லாம் கீறல் விழுந்து சிதம்பிப்போன ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பந்தைத் தூக்கினார். மணிக்கட்டை ஒரு நூல்கூடத் திருப்பாமல், அதே காய்ந்த லேனில் நேர்கோட்டில் விட்டார். பத்தும் விழுந்தன. கீர்த்தனி கை தட்டினாள். திரும்பவும் விட்டார், திரும்பவும் பத்து.

"இதையும் போடுங்க உங்கட வீடியோவில" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். டோஹாவை விட்டு வந்த பிறகு அவ்வளவு சந்தோசமாக அவர் ஒரு நாளும் இருந்ததில்லை.

இராகுலனும் நல்ல பிள்ளையாக அதையும் போட்டான். மூன்றாம் நாள் கீர்த்தனி ஜெமீலைக் கூப்பிட்டாள்.

"சேர் வீடியோவைப் பாத்து நல்லா ரசிச்சவர் நானா. ஒரு துளி ஒயில் இல்லாமப் பழைய பந்தால பத்தையும் விழுத்தலாமெண்டு நீங்களே காட்டிப்போட்டீங்களாம். பிறகென்னத்துக்கு ஒயிலும், அதுக்கொரு ஆளும் எண்டு கேக்கிறார். நாளையில இருந்து நீங்கள் நீச்சல் தடாகத்தில துடைக்கத் துவாய் குடுக்கிற வேலைக்கு வாங்கோ."

"மிஸ், ஒயில் இல்லாட்டி ஆறு மாசத்தில பலகை தேஞ்சு போயிரும். அப்பிடி நேரா விடுறதுக்கு எனக்குப் பன்னிரண்டு வருசம் எடுத்தது."

கீர்த்தனி அவரைப் பாவமாகப் பார்த்தாள்.

"வீடியோவில அது லேசாத்தானே தெரிஞ்சது நானா."

ஜெமீல் மூதூர் பஸ்ஸில் கடைசி இருக்கையில் குந்தி வீடு வந்தார். சனூஸா முகத்தைப் பார்த்தே விசயத்தைக் கறந்துவிட்டாள்.

"ஆரு உங்களப் பத்திக் கோள் சொன்ன? அந்தக் கொழும்புப் பொடியனா?"

"இல்ல புள்ள" என்றார் ஜெமீல். "நான்தான் எறிஞ்சு காட்டினன்."