கரண்ட் வைத்த உடம்பு

அத்தான் போன பிறகு அக்கா திருநெல்வேலி வீட்டைப் பூட்டிவிட்டுத் திருவனந்தபுரத்தில் எங்களோடு வந்து தங்கினாள். வந்த நாளிலிருந்து என் சமையலில் குறைதான். முறுக்கில் உப்புத் தூக்கல் என்பாள். முறுக்கு வைக்கும் சம்படம் மட்டும் காலியாகிவிடும். அந்த வாய்க்குத்தான் கேடு வந்தது. ஈறு வீங்கி முன்பற்கள் ஆடத் தொடங்கின. பல் டாக்டர், தாடை எலும்பு கரைந்திருக்கிறது என்று எலும்பு டாக்டரிடம் அனுப்பினார். அங்கே பார்த்தால் முதுகெலும்புக்கும் அதே கதி.

எலும்பு டாக்டர் மலையாளி, சின்ன வயதுப் பெண். ஹார்மோன் ஊசி ஒன்று இருக்கிறது, தினமும் வீட்டிலேயே வயிற்றில் போட்டுக்கொள்ளலாம், முதுகெலும்பு பலப்படும், தாடைக்கும் உதவலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார். கடைசிப் பகுதியை அக்கா காதில் வாங்கவே இல்லை. பல் நிற்கும் என்பது அவளுக்குப் போதுமாயிருந்தது.

எக்ஸ்ரே வாங்க நான் வெளியே போன நேரத்தில், முன்பு என்ன சிகிச்சை எடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். கரண்ட் வைத்தார்கள் என்றிருக்கிறாள் அக்கா. முன்பு மார்பில் வந்த புற்றுநோயின் பெயரை அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்குக் கொடுக்கும் கதிர்வீச்சுக்கும் எங்கள் ஊரில் கரண்ட் என்றுதான் பெயர். முதுகுவலிக்கு வைக்கும் கரண்ட் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். நான் உள்ளே நுழையும்போது, “கரண்டோ? அது குழப்பமில்ல அம்மே” என்று சிரித்தார். பரவாயில்லை என்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். எனக்கும் அப்போது எதுவும் உறைக்கவில்லை.

அடுத்த அறையில் நர்ஸ், பேனா போலிருந்த ஊசியை என் கையில் கொடுத்துவிட்டு, கான்சரோ ரேடியேஷனோ உண்டா என்று கேட்டாள். அக்கா மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள். வலிக்கிற கிள்ளு. உண்டு என்றேன்.

டாக்டரே எழுந்து வந்துவிட்டார். கதிர்வீச்சு பட்ட எலும்பில் இந்த ஹார்மோன் புதிதாகப் புற்றுக்கட்டியைக் கிளப்பிவிடலாம் என்ற பயம் உண்டு, கொடுக்க முடியாது என்றார். வேறு மருந்து இருக்கிறதாம். அதைத் தொடங்கிய பிறகு பல் பிடுங்கினால் தாடைப் புண் ஆறாதாம், அதனால் ஆடுகிற பற்களை முதலிலேயே பிடுங்கிப் புண் ஆற வேண்டுமாம். நர்ஸ் என் கையிலிருந்த ஊசியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். யார் மேல் கோபப்படுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அன்று அக்கா உயிரைக் காத்த கரண்ட்தான் இன்று குறுக்கே நின்றது.

ஆட்டோ கிழக்கேகோட்டையைத் தாண்டியதும் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“பேசாம இருந்துருக்கலாம்லா, ஏட்டி.”

“அந்தச் சீக்கு திரும்ப வந்துட்டா என்னக்கா செய்ய?”

“அது வரும்போது பாத்துக்கிடுதேன். பல்லு இப்பல்லா போவுது.”

வீட்டுக்கு வந்ததும் அக்கா சம்படத்தைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்தாள். ஒடித்துக் காப்பியில் போட்டு, நன்றாக ஊறும்வரை காத்திருந்து, கரண்டியால் அள்ளி வாயில் வைத்தாள். கடிக்கிற சத்தமே கேட்கவில்லை.

“முறுக்கு நல்லாருக்குட்டீ” என்றாள்.

இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் குறை சொல்லாமல் தின்றது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.