வசனம் இல்லாத சனிக்கிழமைகள்

வசனம் எழுதாத நாடகத்துக்கு வாத்தியாராக இருப்பதில் ஒரு சங்கடம், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல அரை மணி நேரம் ஆகும். தஞ்சாவூரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், சனிக்கிழமை சாயங்காலம், ஆட்டிசம் உள்ள ஆறு பிள்ளைகளோடு நாடகம் போடுகிறேன். கடை, பஸ், கல்யாண வீடு என்று ஒரு இடத்தைச் சொல்வேன். மீதியை அவர்களே அந்த நிமிஷத்தில் பேசி நடிக்க வேண்டும். வெளியில் தடுமாறுவதை இங்கே பயமில்லாமல் தடுமாறிப் பார்க்கலாம் என்பதுதான் கணக்கு. பிள்ளைகளுக்கு எதையாவது கற்றுத்தரப் போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

முதல் நாள் டீ

முதல் வகுப்பில் நான் டீக்கடைக்காரர். வெறும் மேசையைத் துடைத்துவிட்டு, "வாங்க தம்பி, என்ன சாப்பிடுறீங்க?" என்றேன். எதிரே இன்பராஜ், பதினைந்து வயது. ஒரத்தநாடு பக்கம் அவன் அப்பா விவசாயம் பார்க்கிறார். மேசையைப் பார்த்தான். குனிந்து அடியிலும் பார்த்தான்.

"இங்க டீயே இல்லையே சார்."

"இருக்கிற மாதிரி வச்சுக்கோ."

"பொய் சொல்லக் கூடாதுன்னு எங்க டீச்சர் சொல்லியிருக்காங்க."

"பொய்னா யாராவது ஏமாறணும். இங்க டீ இல்லன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்ல" என்றேன். அவன் கையை நீட்டி இல்லாத கிளாஸை வாங்கி, ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தான்.

"சர்க்கரை ஜாஸ்தி சார்."

முதுகோடு முதுகு

நஸ்ரினுக்குப் பதினாறு. அவள் அத்தா துபாயில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் வீடியோ காலில் வருவார். இவள் அவர் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விடுவாள். பிள்ளை நம்மை மறந்துவிட்டது என்று அவருக்கு வருத்தம். "முகத்தைப் பார்த்துப் பேசப் பழக்குங்க சார்" என்று அவள் அம்மா என்னிடம் கேட்டார். நானும் இரண்டு வாரம் "என்னைப் பாரும்மா, என்னைப் பாரும்மா" என்று அவளைப் படுத்தி எடுத்தேன். கடைசியில் அவளே சொன்னாள், கண்ணைப் பார்த்தால் நான் பேசுவது காதில் விழவில்லையாம்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டேன். போனில் பேசுவதுதான் காட்சி. நஸ்ரின் பேசினாள், எதிர்க்கேள்வி கேட்டாள், என்னைக் கிண்டல் பண்ணினாள். அவள் அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து வந்த வெள்ளிக்கிழமை வீட்டில் வீடியோவை அணைத்துவிட்டு வெறும் குரலில் பேச வைத்திருக்கிறார்.

மறுநாள் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே சொன்னார்: "நம்ம புள்ளைக்கு இவ்வளவு சிரிக்கத் தெரியுமான்னு கேட்டாங்க சார், அவ அத்தா."

என்னைத் தெரியுதா?

கல்யாண மண்டபத்தில் யாரோ கன்னத்தைக் கிள்ளி, "நான் யாருன்னு சொல்லு பாப்போம்" என்று கேட்க விழித்து நின்ற அனுபவம் நம் எல்லாருக்கும் உண்டு. நாம் சிரித்து மழுப்பிவிடுவோம். இன்பராஜுக்கு மழுப்ப வராது. காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவான். ஒரு மாதம் அதே காட்சியைப் போட்டோம். நான் அத்தையாக, மாமாவாக, ஒன்றுவிட்ட சித்தப்பாவாக மாறி மாறி வந்து கேட்டேன்.

பிறகு சொந்தத்தில் ஒரு கல்யாணம். அவன் அப்பா நடந்ததைச் சொன்னார். ஒரு பெரியம்மா வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்கிறார். இவன் ஓடவில்லை. "தெரியல. நீங்களே சொல்லிடுங்க. கன்னத்தைத் தொடாதீங்க" என்றானாம். அப்பாவுக்கு வேர்த்துவிட்டது.

அந்த அம்மா கையை எடுத்துக்கொண்டு சொன்னாராம்: "எனக்கும் இங்க பாதிப் பேரைத் தெரியல தம்பி. வா, பந்திக்குப் போவோம்."

மைக்

இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பெற்றோர்களுக்காக ஒரு நிகழ்ச்சி வைத்தோம். புது ஆறு என்கிற கால்வாயை ஒட்டிய மண்டபம். "மைக் வேணாமே சார்" என்று இன்பராஜின் அப்பா முன்கூட்டியே சொன்னார். பின்வரிசைக்குக் கேட்க வேண்டாமா என்று நான்தான் பிடிவாதமாக வைத்தேன். முதல் காட்சியிலேயே ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியது. திரும்பிப் பார்த்தால் இன்பராஜைக் காணோம்.

மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் நிறைந்து ஓடும் மாதம். அவன் அப்பா ஒரு பக்கம் ஓட, நான் ஒரு பக்கம் ஓடினேன். படித்துறையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய், மன்னிச்சுக்கோப்பா, மைக்கை எடுத்துட்டேன், வா போகலாம் என்று மூச்சுவிடாமல் பேசினேன். அவன் ஒரு படி கீழே இறங்கினான். இன்னும் பேசினேன். இன்னொரு படி இறங்கினான்.

என் பின்னால் வந்த நஸ்ரின் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கை காட்டினாள். அவனுக்கு நான்கு முழம் தள்ளி உட்கார்ந்தாள். இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரம் கழித்து அவனே எழுந்து, மேலே வந்து நின்ற அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

என்னம்மா சொன்னே அவன்கிட்ட என்று நஸ்ரினிடம் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல சார். நீங்கதான் பேசிக்கிட்டே இருந்தீங்க."

அன்றிலிருந்து குறைவாகப் பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன், இவருக்கு உடம்புக்கு என்னவோ என்று வீட்டில்தான் கவலைப்படுகிறார்கள்.