வெள்ளைக்காரன்ரை பலகையும் எங்கள் றீற்றா மச்சாளும்

எங்கள் றீற்றா மச்சாள் போய்விட்டார், வெள்ளைக்காரன் விட்டுப்போன வெடித்த பலகையைச் செப்பனிட்டு, அதில் தன் தகப்பனை இருத்தி, இடுப்பளவு தண்ணீரில் தள்ளிக்கொண்டு போய்க் குருநகர்க் கரையையே வாயடைக்க வைத்த அதே றீற்றா மச்சாள், முந்தநாள் விடியற்காலை போய்விட்டார்.

செய்தி குரல் பதிவாக வந்தது. வட்டுக்கோட்டை வீட்டில் தேநீர்க் கோப்பையோடு நின்று அதை மூன்று தரம் போட்டுக் கேட்டேன். மூன்றாம் தரம்தான் விளங்கியது. அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறியாதவர்களும் வாசிக்கலாம்.

அவர் என் தாய்மாமனின் மகள். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, மற்றப் பெடியள் சினிமா நடிகர்களுக்கு ரசிகர்களாக இருக்க, நான் மச்சாளுக்கு ரசிகனாக இருந்தேன். வட்டுக்கோட்டையிலிருந்து சைக்கிள் மிதித்துப் போய்க் குருநகரில் மாமா வீட்டிலேயே கிடப்பேன். மாமாவின் கொட்டிலில் பைபர் கிளாஸ் வள்ளங்களுக்கு ஒட்டுப்போடும் வேலையைச் சிறுவயதிலிருந்தே செய்தவர். ஓடத்தின் அடியைச் சுண்டிப் பார்த்து, எங்கே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம். பெற்றோல் போத்தலில் விற்ற காலம். வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. ஆழக்கடலுக்குப் போகத் தடை. ஆழமில்லாத பரவைக்கடலில், நடந்து போகக்கூடிய தூரத்தில் தடிகளை நட்டு வலை கட்டிய களங்கட்டிதான் சோறு போட்டது. களங்கட்டிக்கான இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பங்கிடுவார்கள். இடம் கிடைத்த வீட்டார் மூன்று நாள் தொடர்ந்து வலை தூக்கப் போகாவிட்டால் அது பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த வருடம் மாமாவுக்கு நல்ல இடம் விழுந்திருந்தது. விழுந்த இரண்டாம் கிழமை அவர் காலில் திருக்கை மீனின் முள் குத்தியது.

மாமா நீரிழிவுக்காரர். புண் ஆறவில்லை. பெரியாஸ்பத்திரி டொக்டர் சுருக்கமாகச் சொன்னார்: இன்னும் ஒரு கிழமை உப்புத்தண்ணீரில் இறங்கினால் கால் மிஞ்சாது. மாமா தலையாட்டிவிட்டு வந்து, அடுத்த நாளும் இறங்கினார்.

"நான் போறன் மாமா" என்றேன்.

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ தோட்டம் செய்யிற வீட்டுப் பெடியன். நீ நண்டைப் பிடிப்பியோ, நண்டு உன்னைப் பிடிக்குமோ?"

மச்சாள் எழும்பி வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறம் போனார். அங்கே கருவாடு காயப்போட்டிருந்த நீளப் பலகையிலிருந்து கருவாட்டை எல்லாம் வழித்துப் பாயில் கொட்டினார்.

அந்தப் பலகைக்கு ஒரு கதை உண்டு. அலையில் நின்று சறுக்குவதற்கு வெள்ளைக்காரர் பாவிக்கும் பலகை அது. ஒன்பது அடி நீளம். உள்ளே நுரை, வெளியே பைபர். மச்சாளின் அண்ணை தென்பகுதிக் கரையோரம் ஒரு விடுதியில் வேலை செய்தவர். நடு வெடித்துவிட்டதென்று ஒரு வெள்ளைக்காரர் அதை எறிந்துவிட்டுப் போக, அண்ணை எடுத்து லொறியில் ஊருக்கு அனுப்பியிருந்தார். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அவரே கப்பலில் உடுத்த உடுப்போடு வந்து சேர்ந்தார். பிறகு பிரான்ஸுக்குப் போய்விட்டார். பலகை கருவாட்டுக்கு என்று ஆகிவிட்டது.

"இதிலை அப்பாவை இருத்தினால் கால் நனையாது" என்றார் மச்சாள்.

"எழும்பி நிக்கிற பலகையெல்லோ மச்சாள் இது?"

"வெள்ளைக்காரன் நிப்பான். எங்கடை ஆள் இருக்கட்டும்."

கொட்டிலில் மிச்சமிருந்தது ஒரு ரின் றெசின், பைபர் ஒட்டும் பசை. அதற்குமேல் குடாநாடு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. மச்சாள் பலகையைச் சுரண்டினார். செதிலும் உப்பும் பாளம் பாளமாக வந்தன. வெடிப்பைச் சுற்றி மஞ்சளாகி ஊறிப்போன நுரையை வெட்டி எடுத்தார். இரண்டு கை அகலத்தில் பள்ளம். அதை நிரப்ப, ஐஸ் மீன் வரும் பெட்டியின் வெள்ளை நுரையட்டையை, ரெஜிபோம் என்போம், அளவாகச் சீவி வைத்தார். பலகையின் நுரையும் வெள்ளை, இதுவும் வெள்ளை. இரண்டும் ஒரே சாமானோ என்று கேட்க நான் வாயெடுத்தேன்.

"பைபர் வேலையிலை எனக்கு வகுப்பெடுக்காதை" என்றார்.

றெசினில் அதை இறுகவைக்கும் ஹாட்னரைக் கலந்து, கண்ணாடி நார்ச்சீலையை விரித்து, பாதி ரின்னை ஊற்றித் தடவினார். பத்து நிமிடத்தில் சீலை மெல்ல உள்ளே இறங்கியது. மச்சாள் விரலால் தூக்கிப் பார்த்தார். ரெஜிபோம் கரைந்து, சர்க்கரைப் பாணிபோல் அடியில் கிடந்தது. வாழ்நாள் முழுக்க வள்ளத்துக்கு ஒட்டுப்போட்டவர். வள்ளத்துக்குள் ரெஜிபோம் இருப்பதில்லை. றெசின் அதைத் தின்னும் என்று அறிய அவருக்கு ஒரு சந்தர்ப்பமும் வந்ததில்லை.

உள்ளேயிருந்து மாமா கேட்டார்: "என்ன பிள்ளை, ஒரு மாதிரி மணக்குது?"

நான் என்றால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். மச்சாள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார். "பாதி றெசினை நாசமாக்கிப் போட்டன் அப்பா. பிழை என்ரைதான். இவன் கேக்க வந்தவன், நான் விடேல்லை."

மாமா உள்ளேயிருந்தே, "முருக்கங்கட்டை வை. வலை மிதப்புக்கு வைக்கிறதுதானே" என்றார்.

எங்கள் வட்டுக்கோட்டை வேலியில் முள்முருக்கு மரம் நின்றது. நல்ல பருத்த துண்டொன்றைத் தறித்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். வெட்டினால் பாண் போல மெத்தென்று இருக்கும், காய்ந்தால் தக்கைதான். அன்றைக்கே சீவி வைத்துவிடலாம் என்று நான் துள்ளினேன். மச்சாள் அதை அடுப்புக்கு மேலிருந்த பரணில் வைத்தார்.

"ஈரக்கட்டையிலை றெசின் பிடிக்காது. மூண்டு கிழமை."

"மூண்டு கிழமைக்கு ஆர் வலை தூக்கிறது?"

"நான்."

குருநகரில் பெண்கள் மீன் விற்பார்கள், கிழிந்த வலை பொத்துவார்கள், கருவாடு போடுவார்கள். தண்ணீரில் இறங்கி வலை தூக்கிய ஒருத்தியை அதற்கு முன் நான் கண்டதில்லை. அடுத்த நாள் விடிய மச்சாள் மாமாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினார். கரையில் நின்றவர்கள் சும்மா விடவில்லை.

"என்ன றீற்றா, நாளைக்கு மீசையும் வைப்பியோ?" என்று ஒருவர் கேட்க, கரையில் சிரிப்பு எழுந்தது.

"உங்களிட்டை மிச்சமிருந்தாத் தாங்கோ அண்ணை, வைக்கிறன்."

சிரிப்பு எழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மகள் தண்ணீரில் இறங்கியது பிடிக்காமல் மாமா அவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். மூன்று கிழமையும் இடையில் நின்றவன் நான்தான். மச்சாள் எதிரே இருக்க, "உன்ரை மச்சாளிட்டைச் சொல்லு, வடக்குப் பக்கத் தடி ஆடுது, இறுக்கச் சொல்லி" என்பார். மச்சாள், "உன்ரை மாமாவிட்டைச் சொல்லு, அது இறுக்கியாச்சு" என்பார். ஆனால் மாமா தண்ணீரில் இறங்கவில்லை. புண்ணின் ஓரம் மெல்ல மெல்ல வெளிறி, உலரத் தொடங்கியது.

கட்டை காய்ந்தது. பள்ளத்துக்குள் இறுக்கமாக இருந்தது. மிச்ச றெசினை மச்சாள் கரண்டியால் அளந்து அளந்து தடவினார். பலகையின் அடியில் மீன் செட்டை போல நீண்டிருந்ததை மரம் அரியும் வாளால் அறுத்தார். பரவைக்கடலில் அது வலையில்தான் கொழுவும். இரண்டு பக்கமும் மிதப்புக் கட்டைகளை நைலோன் கயிற்றால் வரிந்தார். நடுவில் மீன்பெட்டியைக் கவிழ்த்து ஆசனமாக்கினார். முன்னால் காலை நீட்டி வைக்கச் சாக்கில் ஒரு தலையணை. முதலில் என்னை ஏற்றிப் பார்த்தார். விழுந்தேன். பிறகு மிதப்பைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினார்.

மாமா ஏறிய காலையில் கரை நிறைய ஆள். காலைப் பொலித்தீனால் கட்டி, தலையணையில் வைத்து, மச்சாள் தள்ளத் தொடங்கினார். இருபது பாகம் தூரம் போயிருக்கும். மாமா வாயைத் திறந்தார்.

"பிள்ளை, இடக்கைப் பக்கம் சரியுது. பாத்துத் தள்ளு."

மூன்று கிழமைக்குப் பிறகு அவர் மகளோடு நேரே கதைத்த முதல் கதை அது. "ஓம் அப்பா" என்றார் மச்சாள். அன்று முதல் இரண்டு பேருமாகவே போனார்கள். அந்த இடம் அந்த வருடம் கைமாறவில்லை. தவக்காலம் முடிவதற்குள் புண் மூடிவிட்டது.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து எல்லோரும் ஊரைவிட்டு நடந்தபோது பலகை கொட்டிலில் கிடந்தது. திரும்பி வந்தபோது கொட்டிலும் இல்லை. மாமா அதற்குப் பின்னும் பல வருடம் இருந்தார். அவர் செத்தபோது உடுப்பு மாற்றிய ஆள், போர்வை மூடும்தானே என்று காலுறை போடாமல் விட்டார். மச்சாள் போர்வையை விலக்கினார். "ரெண்டு காலுக்கும் போடவேணும்" என்று சொல்லித் தானே போட்டுவிட்டார். ஏன் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த வாசலில் நின்ற நிலையைத்தான். பிழையைக் கண்ட கையோடு, மற்றவர் கண்டுபிடிக்க முதல், முழுதாகச் சொல்லிவிடுவது. முப்பது வருடமாக முயல்கிறேன். பாதிதான் வருகிறது.

முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலி முடிய மச்சாள் வீட்டில் கூடுகிறோம். இதை அவரை அறிந்தவர்களுக்கு அனுப்புங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் கீழே எழுதுங்கள், வாசித்துக் காட்டுகிறோம். நல்லதை மட்டும் சொல்ல வராதீர்கள். அவரோடு பட்ட சண்டையையும், அவருக்குச் செய்த பிழையையும் கொண்டு வாருங்கள். நான் தொடங்கிவைக்கிறேன். அவர் சட்டையோடு தண்ணீரில் இறங்கிய அந்தக் காலை, கரையில் நின்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அவர் திரும்பிப் பார்க்காததால் அவருக்குத் தெரியாது. நானும் ஒருநாளும் சொன்னதில்லை.