வேங்கைமரத்து முதல் வெட்டு

எங்கள் காட்டை வெட்ட ஆட்கள் வந்த காலையில், நான் அதன் ஓரத்தில் வயலுக்குத் தழை அறுத்துக்கொண்டிருந்தேன். கோவிந்தாபுரத்துக்குத் தெற்கே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்தக் காடு. அப்பா போன பிறகு எனக்கும் அண்ணனுக்கும் அது பொது. பாகம் பிரிக்கவில்லை. உள்ளே பாறை இடுக்கில் ஓர் ஊற்று இருந்தது. எங்கள் இருவர் வயலும் அந்தத் தண்ணீரில்தான் விளைந்தன.

பக்கத்து நிலக்கிழாரான ஜென்மியின் காட்டை முந்தின வருடம் ஒரு மர காண்ட்ராக்டர் வாங்கி மொட்டையடித்துவிட்டார். மழை பெய்தபோது அங்கிருந்து சேறு இறங்கியது. மழை நின்றதும் அங்கே ஓடிய ஓடையும் நின்றுபோனது. அதன்பின் எங்கள் காட்டுக்கு விலை பேசினார்கள். அண்ணன் சரி என்றார். நான் முடியாது என்றேன். அதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அண்ணன் என்னைக் கேட்காமலே முன்பணம் வாங்கிவிட்டார் என்பது கோடாலிகளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

வந்த மேஸ்திரி குமுளிப் பக்கத்து ஆள். ஏலத்தோட்டத்துக்காக அங்கே காடு அழித்துப் பழகியவன். வெட்டுகிறவர்கள் ஆறேழு பேரும் அவன் கூட்டிவந்தவர்களே. அவர்கள் நேராக ஊற்றுக்கு மேலே நின்ற பெரிய வேங்கையிடம் போனார்கள். நான் ஓடிப்போய் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன்.

"இது யாருடா, மரத்துக்கு முட்டுக் குடுக்குறவன்?" என்றான் மேஸ்திரி. ஆட்கள் சிரித்தார்கள்.

"இது எங்க காடுங்க" என்றேன்.

"ஒங்கண்ணன்கிட்டப் போய்ச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே அறைந்தான். காது அடைத்தது. நான் நகரவில்லை. இரண்டாவது அறையில் கடைவாய்ப் பல் ஒன்று ஆடி, நாக்கில் ரத்தம் உப்புக் கரித்தது. தழை அறுத்த அரிவாள் என் கையில்தான் இருந்தது. அதை அவன் பார்க்கவே இல்லை. அவன் மூன்றாம் முறை கையை ஓங்கியபோது நான் வீசினேன். அவன் முழங்கைக்குக் கீழே சதை பிளந்து வெள்ளையாகத் தெரிந்து, பிறகு சிவந்தது.

அதற்குப் பிறகு என்னைக் கீழே தள்ளி மிதித்தார்கள். விலாவில் விழுந்த ஒவ்வொரு மிதிக்கும் மூச்சு வெளியே போனதே தவிர உள்ளே வரவில்லை. சத்தம் கேட்டு என் மனைவி வயலிலிருந்து ஓடிவந்தாள். அவள் பின்னாலேயே அண்ணனும் வந்தார். அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏனுங் மாமா, கூடப் பொறந்தவனக் கூலிக்காரன் மிதிக்கறான், நீங்க வேடிக்கை பாக்கறீங்களா? வெக்கமா இல்லீங்களா?"

"அவன எந்திரிச்சு ஊட்டுக்குப் போகச் சொல்லு. ஆரு மிதிக்கறாங்க அப்பறம்?"

"அவரு போகமாட்டாருங்க. நானும் போகமாட்டேன். எங்க ரெண்டு பேரையும் சேத்து வெட்டச் சொல்லுங்க. லாரியில எடமிருக்குமல்லோ?"

அண்ணன் கையில் மாட்டை விரட்டும் தார்க்குச்சி இருந்தது. அவளை அவர் தொடவில்லை. என்னைத்தான் அடித்தார். குச்சி முனையில் இருந்த ஆணி என் முதுகை இரண்டு இடத்தில் கிழித்தது. "இந்தக் காட்ட வச்சு என்றா பண்ணப்போற? எனக்கு இதப் பாத்தாலே எரியுது" என்று கத்திக் கத்தி அடித்தார். அவர் எரிவதற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்தில் பேய் பிடித்தவர்களைக் கோடங்கி அந்தக் காட்டுக்குத்தான் கூட்டிவருவான். உடுக்கை அடித்து, ஆட்டி, களைத்த பின் மரத்தடியில் உட்காரவைத்து, உச்சிமுடியில் ஒரு கற்றையை இரும்பு ஆணியில் சுற்றி மரத்தில் அறைந்துவிடுவான். பேய் மரத்தோடு நின்றுவிடும். அந்த முடியை அறுத்துவிட்டு ஆளை எழுப்பிக் கூட்டிப்போவார்கள். அண்ணனின் முதல் மனைவிக்குப் பிரசவத்துக்குப் பிறகு சித்தம் கலங்கியது. அவளை இந்த வேங்கையின் அடியில்தான் உட்காரவைத்தார்கள். அண்ணன்தான் தோளைப் பிடித்து அமுக்கினார். ஆணி அறைந்து சில மாதங்களில் அவள் கிணற்றில் விழுந்துவிட்டாள். அதிலிருந்து அன்றுவரை அவர் இந்தக் காட்டுக்குள் கால் வைத்ததில்லை.

என்னையும் மனைவியையும் இழுத்துப்போய்ச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்கள். மேஸ்திரி தன் கையில் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, வெட்டு என்றான். வெட்டுகிறவர்களில் மூத்தவன் கோடாலியை எடுக்கவில்லை.

"மொத வெட்டு மரத்துக்காரங்க போடணும்ணே. பாவம் அவங்களோட போகட்டும். எந்தக் கூப்புலயும் அதான வழக்கம்."

கூப்பு என்றால் மரம் வெட்டும் காடு. வழக்கத்தை மேஸ்திரி மறுக்கவில்லை. கோடாலியை அண்ணனிடம் நீட்டினான். மூத்தவன் மறுபடியும் சொன்னான்: "ஆணி அடிச்ச மரம்னு கீழ பேசிக்கிட்டாங்க. எங்க இருக்குன்னு பாத்துப் போடுங்கய்யா."

"அது அடிச்சு எத்தன வருசமாச்சு. மரம் வளர வளர ஆணியும் ஏறிப்போயிருக்கும். இப்ப ஆளு எட்டாத ஒசரத்துல கெடக்கும். இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல, போச்சாது, பயமில்ல" என்றார் அண்ணன்.

அப்படித்தான் எங்கள் ஊரில் எல்லோரும் நம்பினோம். நானும் நம்பினேன். அடித்த ஆணி அடித்த உயரத்திலேயே நிற்கும், பட்டை மட்டும் அதை மூடி வளரும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. உட்கார்ந்த பெண்ணின் உச்சிக்கு மேல் அடித்த ஆணி, கோடாலி விழும் உயரத்திலேயே இருந்தது.

அண்ணன் கோபத்தில் வெட்டினார். முதல் வெட்டில் பட்டை தெறித்தது. இரண்டாவதில் வேங்கையின் சிவப்புப் பால் கசிந்தது. மூன்றாவது வெட்டில் இரும்பின்மேல் இரும்பு விழுந்த சத்தம் கேட்டது; ஒரு சில்லு தெறித்தது. அண்ணன் கோடாலியை விடவில்லை. ஒரு கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றார். விரல்களுக்கிடையே ரத்தமும் கண்ணின் நீரும் சேர்ந்து வழிந்தன. பிறகுதான் அலறினார்.

என்னைப் பிடித்திருந்தவர்களை உதறிவிட்டு அவரிடம் ஓடினேன். ஒற்றைக் கண்ணில் என்னைப் பார்த்ததும், "நீதாண்டா! நீதான் செஞ்ச!" என்று கோடாலியைச் சுழற்றினார். அது என் தோள் எலும்பில் இறங்கியது. இன்றும் அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது.

மேஸ்திரி விடவில்லை. "அந்தாள ஓரமாப் போட்டுட்டு வெட்டுங்கடா" என்று மூத்தவனை எட்டி உதைத்தான். மூத்தவன் எழுந்து கோடாலிக் காம்பால் அவன் வாயிலேயே போட்டான். "நீ வெட்டுடா. ஒனக்குந்தான் ரெண்டு கண்ணு இருக்கே." மேஸ்திரி உட்கார்ந்து பற்களைத் துப்பினான். ஆட்கள் கோடாலிகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

அண்ணனையும் என்னையும் ஒரே வண்டியில்தான் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் கண்ணை எடுத்துவிட்டார்கள். வழி நெடுக நான் சூனியம் வைத்ததாகவே சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் திரும்பியதும் கிராம மணியக்காரரான அம்சம் அதிகாரி இருதரப்பையும் கூப்பிட்டு, பொதுச் சொத்தில் இருவர் கையெழுத்தும் இல்லாமல் ஒரு கொப்புகூட வெட்டக்கூடாது என்று தீர்த்துச் சொன்னார். அண்ணன் அங்கேயே எழுந்தார்.

"இவங்கூட ஒரே பலகையில ஒக்காந்து கையெழுத்துப் போடறதுக்கு, மிச்சமிருக்கற கண்ணையும் நோண்டிக் குடுத்துருவேன்."

அந்த வார்த்தைதான் காட்டைக் காப்பாற்றியது. காண்ட்ராக்டரின் ஆட்கள் கோடைதோறும் வந்தார்கள். என்னிடம் வந்தால் நான் முடியாது என்பேன். அவரிடம் போனால் என் பெயரைக் கேட்டதும் கெட்ட வார்த்தையில் திட்டி விரட்டுவார். பாகம் பிரிக்கலாம் என்றாலும் அதற்கும் என்னோடு உட்கார வேண்டும். வெட்டுப்பட்ட வேங்கை நின்றது. ஊற்றும் ஓடியது.

எங்கள் ஊர் கேரளத்தோடு சேர்ந்த சமயம், எங்கள் தாய்மாமன் சமாதானம் பேசக் கிளம்பினார். கூடப் பிறந்தவர்கள் இப்படி இருக்கலாமா என்று உருகினார். காண்ட்ராக்டரின் புது மேஸ்திரி இரண்டு தடவை அவர் வீட்டில் சாப்பிட்டுப் போனதை என் மனைவி விசாரித்து வந்து சொன்னாள். "ஒண்ணாக்கி வச்சு, ஒரே கையோட ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிப் போறதுக்குத்தானுங்க" என்றாள்.

மாமன் எங்களைச் சந்தையில் வைத்துப் பிடித்தார். என் கையை ஒரு கையிலும் அண்ணன் கையை மறு கையிலும் பற்றிக்கொண்டார். அண்ணன் மெலிந்திருந்தார். குழிந்த இமை மூடியிருந்தது. மற்றக் கண் கலங்கியிருந்தது. "டேய், தோள் இன்னும் வலிக்குதாடா?" என்று கேட்டார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசினார். எதிரே டீக்கடை பெஞ்சில் புது மேஸ்திரி பையை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கையை உருவிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, அண்ணன் காலடியில் துப்பினேன்.

அவர் ஊன்றியிருந்த தடியை ஓங்கினார். நான் விலகவில்லை. மாமன் குறுக்கே விழுந்து தடுக்கும்வரை அடித்தார். நான் நிமிர்ந்தபோது டீக்கடை பெஞ்சு காலியாக இருந்தது.