ரேடியோ அக்காவுக்கு நான் காத்த தீட்டு

சிங்காநல்லூரில் ஒன்பது லேத் ஓடுகிற பட்டறை என்னுடையது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன பெண்பிள்ளை நான். கல்லூரி முடித்துவிட்டு வருகிற பையன்கள் வரைபடத்தை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருப்பார்கள். நான் இரும்பை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு எந்த இடத்தில் இன்னும் கடைய வேண்டும் என்று சொல்லிவிடுவேன். அளந்து பார்த்தால் அங்கேதான் கூடுதலாக இருக்கும். என்னை ஏமாற்றலாம் என்று வந்தவர்கள் எல்லாரும் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட நான், இல்லாத ஒருத்தி செத்துப்போனதற்குத் தலைமுழுகி, தீட்டுக் காத்து, வருஷமெல்லாம் காத்திருந்த கோயில் நோம்பியை விட்டுக்கொடுத்தேன். இதைச் சொன்னால் என் மருமகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

அன்னூருக்கு அந்தப்பக்கம் எங்கள் தோட்டம். எங்கள் பக்கத்தில் வீட்டோடு வீடு ஒட்டி இருக்காது. அவரவர் தோட்டத்தில் அவரவர் சாளை கட்டிக் குடியிருப்பார்கள். அப்பா, அம்மா, கல்யாணம் ஆகாத சித்தப்பா, நான். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வேறு மனுஷர் கிடையாது. மூன்றாம் வகுப்பு முடிந்ததும் சோளக்காட்டில் குருவி ஓட்ட ஆள் இல்லை என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். காட்டுக்கு நடுவே ஒரு பரண். கையில் ஒரு தகர டப்பா, ஒரு குச்சி, ஒரு கவண். விடிந்ததும் ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவேன். குருவி ஓட்டுவதில் அந்த வட்டாரத்திலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதைப் பார்த்துச் சொல்லவும் அங்கே ஆள் கிடையாது.

சித்தப்பா ஒரு டிரான்சிஸ்டர் வாங்கி மோட்டார் ரூமில் ஆணியடித்து மாட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதில் ஒரு தொடர் நாடகம் வரும். தாய் இல்லாத வீட்டில் தம்பியை வளர்க்கிற ஒரு பெண்ணின் கதை. அவள் பெயர் தங்கமணி. தம்பி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாராவாரம் அவள் கேட்கிற முதல் கேள்வி, "கண்ணு, சாப்புட்டயா?" என்பதுதான்.

மோட்டார் ரூம் வாசலில் குந்தியிருக்கிற நான், "சாப்புட்டனுங்க அக்கா" என்பேன்.

சித்தப்பா காதில் ஒருநாள் அது விழுந்துவிட்டது. "அவ உன்னையக் கேக்குல கண்ணு, தம்பியக் கேக்கறா" என்றார். அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தம்பி ஒரு வாரமாவது ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. பையை எறிந்துவிட்டு விளையாட ஓடிவிடுவான். கேட்டவளுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டாமா?

நாடக நேரத்தில் கரண்ட் வந்துவிட்டால் சித்தப்பா மோட்டாரைப் போட்டுவிடுவார். அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. கரண்ட் வர வேண்டும், பயிருக்குத் தண்ணீர் பாய வேண்டும் என்று வீடே சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரக்கூடாது என்று கும்பிட்டவள் நான் ஒருத்திதான்.

மற்ற ஆறு நாளும் தங்கமணி அக்கா என்னோடு பரணில் இருப்பாள். என் இடதுபக்கம் காலைத் தொங்கப் போட்டு உட்காருவாள். அவளுக்கு இடம் விட்டுத்தான் நான் உட்காருவேன். நான் நினைத்ததையே அவள் சொன்னாள் என்று எண்ணிவிட வேண்டாம். ஒருநாள் கவணில் கல் வைத்து ஒரு கிளியை அடித்து வீழ்த்தினேன். முதல் கல்லிலேயே விழுந்தது. பெருமையோடு அவளிடம் சொன்னேன். அவள் சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. நான் கெஞ்சிப் பார்த்தேன், கோபித்தும் பார்த்தேன். மறுநாள் கவணைக் கிணற்றில் போட்ட பிறகுதான் பேசினாள். இன்றைக்கும் புது மிஷினுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மனசுக்குள் ஓர் ஆளிடம் கேட்டுக்கொள்கிறேன். யார் என்று யாருக்கும் சொன்னதில்லை.

மாசி மாதம். ஊர் மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டுவிட்டார்கள். புதன்கிழமை மாவிளக்கு. அந்த வருஷம் முதல்முதலாக எனக்கும் ஒரு மாவிளக்குத் தட்டு உண்டு என்று அம்மா சொல்லியிருந்தாள். பச்சைப் பாவாடை தைத்து வந்திருந்தது. எல்லாவற்றையும்விட, அத்தை தன் மகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எனக்கு விளையாட இன்னொரு பிள்ளை கிடைக்கும். அந்தப் புதன்கிழமைக்காக நான் பரணில் குச்சியால் கோடு போட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தங்கமணி அக்கா செத்துப்போனாள்.

காய்ச்சல் என்றார்கள். தம்பி "அக்கா, அக்கா" என்று இரண்டு தடவை கூப்பிட்டான். கொஞ்ச நேரம் சோகமாக ஒரு வாத்தியம் வாசித்தார்கள். அது முடிந்த கையோடு ஒருவர் பருத்தி விலை படித்தார். சித்தப்பா, "முடிஞ்சுதா" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கரண்ட் வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது.

பங்காளி வீட்டில் ஒருவர் இறந்தபோது எங்கள் வீட்டில் என்ன செய்தார்கள் என்று பார்த்திருந்தேன். அதன்படி தண்ணீர்த் தொட்டியில் இறங்கித் துணியோடு தலைமுழுகினேன். தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. விளக்கு மாடத்துப் பக்கம் போகவில்லை. பரணில் இடதுபக்கம் இடம் விட்டு உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. திங்கட்கிழமை குருவி ஒரு மூலைச் சோளத்தையே தின்றுபோட்டது. எனக்குத் தகரம் தட்டக் கை எழவில்லை.

புதன்கிழமை காலை அத்தை வந்தாள். அவள் மகள் மாட்டு வண்டியிலிருந்து குதித்து என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் கையை விடுவித்துக்கொண்டேன். தீட்டோடு கோயில் வாசல் மிதித்தால் அம்மன் கண்ணைக் குத்தும் என்பது எனக்குப் பயம்தான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. போய் மாவிளக்கு எடுத்துவிட்டால், தங்கமணி அக்கா எனக்கு உறவே இல்லை என்று நானே சொன்னதாகிவிடும்.

அத்தை பச்சைப் பாவாடையை விரித்துக்கொண்டு, "வா அம்மணி, தலை பின்னிப் பூ வெச்சு உடறேன்" என்றாள்.

"நான் வர்லீங்க அத்தை. எனக்குச் சாவுத் தீட்டுங்க."

"யாரு செத்தா?"

"அக்காங்க."

மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. நான் உடனே, "ரேடியோவுல வருமில்லீங்க, தங்கமணி அக்கா. அதுங்க" என்றேன்.

முதலில் சித்தப்பா சிரித்தார். பிறகு அப்பா. அத்தை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏனுங்கண்ணா, பங்காளிக்கெல்லாம் சொல்லி உட்டீங்களா இல்லீங்களா?" என்று அப்பாவைக் கேட்டாள். அத்தை மகள் வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடி, "ரேடியோவுக்குத் தீட்டு, ரேடியோவுக்குத் தீட்டு" என்று கத்தினாள். நான் அழவில்லை. அந்த வயதிலேயே நான் அப்படித்தான், பிடித்தால் விடமாட்டேன். தூணைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த மாவைக் கழுவினாள்.

"பொண்ணு தீட்டுங்குது. நானும் வர்லீங்க. நீங்க போய்ட்டு வாங்க" என்றாள்.

அப்பா சத்தம் போட்டுப் பார்த்தார். எங்கம்மா அவரை எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கடைசியில் அத்தை மாவுத் தட்டுகளை எடுத்துக்கொண்டாள். மற்ற எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டது. மணிச் சத்தம் வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரியில் தேய்ந்து மறைந்த பிறகு அந்த வீட்டில் இருந்த மாதிரி ஓர் அமைதியை நான் இதுவரை எங்கேயும் கண்டதில்லை.

அம்மா வெந்நீர் வைத்து எனக்குத் தலைக்கு ஊற்றிவிட்டாள். ஊற்றிக்கொண்டே, "அந்தப் புள்ள எப்பிடி இருப்பா?" என்று கேட்டாள். நான் குரலைத்தான் கேட்டவள், முகத்தை எங்கே கண்டேன்? ஆனாலும் தயங்காமல் சொன்னேன். ரெட்டைச் சடை, மாநிறம், சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும் என்றேன்.

"என்ன வயசு?"

"பதிமூணுங்க."

அம்மா மொண்ட சொம்பை அண்டாவிலேயே திரும்பக் கவிழ்த்தாள். "ஆமா. பதிமூணு இருக்கும்" என்றாள்.

பிறகு அவளும் தலைமுழுகினாள். சோறும் பருப்பும் ஆக்கி வேலியோரம் இலை போட்டாள். தண்ணீர் தெளித்தாள். கற்பூரம் காட்டினாள். என்னைக் கும்பிடச் சொன்னாள். நான் கும்பிட்டு எழுந்தபோது அம்மா எழவில்லை. மண்ணில் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். யாருக்கும் கேட்காத காடு என்று தெரிந்தவள் அழுகிற அழுகை அது. வாய்விட்டு, மூச்சு முட்ட முட்ட அழுதாள்.

எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோதுதான் அத்தை சொன்னாள். எனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து ஏழாம் மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டதாம். பல் முளைக்காத பிள்ளைக்குத் தீட்டும் இல்லை, காரியமும் இல்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். புதைத்த அன்று சாயங்காலமே அம்மா மாட்டுக்குத் தீவனம் போட்டாளாம். யாரும் அவளை அழ விடவில்லை. பெயர்கூட வைக்காத பிள்ளையாம்.

அன்று எனக்கு அது தெரியாது. எங்கம்மா யாருக்கும் இளகாதவள், அவளையே என் அக்கா அழவைத்துவிட்டாளே என்று எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. ஆனாலும் அழுகை நிற்கிற வழியாக இல்லை. பயந்துபோய் அம்மாவின் ஈரத் தலையைத் தடவி, பெரிய மனுஷி மாதிரி சமாதானம் சொன்னேன்.

"அழுவாதீங்கம்மா. அது நாடகந்தானுங்க. நெசமா யாரும் சாகுல."